இயந்திரத்தின் மேல் பழி போட்ட மாதங்கள்

தையல் கற்றுக்கொள்ளத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் எது தவறிப்போனாலும் நான் இயந்திரத்தையே குறை சொன்னேன். நூல் அறுந்தால் இயந்திரம் பழையது என்றேன். துணி சுருங்கினால் இயந்திரம் இழுக்கிறது என்றேன். தையல் கோணினால், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம் வளைந்திருக்கும் என்று சந்தேகப்பட்டேன். பெரியம்மா கண் பார்வை குறைந்து தைப்பதை நிறுத்தியபின் எனக்குக் கொடுத்த, காலால் மிதித்து ஓட்டும் கறுப்பு இயந்திரம் அது. அந்த ஆறு மாதங்களில் அதற்கு உண்மையாகவே ஏற்பட்ட கோளாறு ஒன்றே ஒன்றுதான்: தோல் பெல்ட் தளர்ந்து சக்கரத்தின்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டைச் சிறிது வெட்டிக் குறுக்கி, கம்பிக் கொக்கியை மறுபடியும் மாட்டியதும் அது சரியாகிவிட்டது. மற்றவை எல்லாம் ஊசி துணியில் இறங்குவதற்கு முன்பே என் கையால் நடந்து முடிந்த தவறுகள். வீட்டிலேயே, அருகில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாமல் தையல் பழகுகிறவர்களுக்கு இந்தத் தவறுகளின் வரலாறு உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் நான் நூலே கோர்க்கவில்லை. இதை யாரும் சொல்லித் தரவில்லை. நூல் கோர்க்கத் தெரியாததால் தானாக அமைந்த நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள்களைப் பாதத்தின் அடியில் வைத்து, வெறும் ஊசியால் கோட்டின்மேல் துளைகள் விழும்படி ஓட்டிப் பார்த்தேன். மிதி இயந்திரத்தில் கால் தவறான நொடியில் அழுத்தினால் சக்கரம் பின்பக்கமாகச் சுழலும். நூல் கோர்த்திருந்தால் அந்த ஒரு பின்சுழற்சியிலேயே நூல், ஊசிக்கு அடியில் அதைப் பிடித்துக் கொண்டுபோகும் ஷட்டிலுக்குள் சிக்கி அறுந்துவிடும். வலக்கையால் சக்கரத்தின் மேல்விளிம்பைத் தன்னை நோக்கித் தள்ளிவிட்டு, அது சுழலத் தொடங்கியபின் கால்கள் அந்தச் சுழற்சியைப் பின்தொடர வேண்டும் என்பது உடலுக்குப் புரிய எனக்கு நான்கு நாட்கள் ஆயின. மோட்டார் பொருத்திய இயந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே மிதியை மெல்ல அழுத்துவது வேறொரு பயிற்சி. எந்த இயந்திரமானாலும் நேர்க்கோடு, வளைகோடு, சதுரச் சுருள் ஆகிய மூன்றையும் தாளில் ஓட்டிப் பழகியபின் துணிக்குப் போவது நல்லது. தாளில் ஓடிய ஊசி மழுங்கிவிடும் என்பதால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, துணிக்குப் புது ஊசி மாட்ட வேண்டும்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் முதல் பெரிய தோல்வி அதில்தான் நிகழ்ந்தது. புது ஊசி மாட்டி, நூல் கோர்த்து, துணியை வைத்து மிதித்தேன். ஊசி இறங்கியது, ஏறியது, துணியும் நகர்ந்தது. ஆனால் ஒரு தையல்கூட விழவில்லை. துணியின் மேல் நூல் ஒரு நீண்ட கோடாகப் படுத்துக் கிடந்தது. அடிநூல் சுற்றிய சிறு உருளையான பாபினைக் கழற்றினேன், மாட்டினேன், எண்ணெய் விட்டேன், மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகை முன்னும் பின்னும் திருப்பினேன். இரண்டு நாட்கள் இப்படிக் கழிந்தபின் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர், "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ஊசியைக் கழட்டி, தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு" என்றார்.

ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேல்தண்டு ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். உருண்டைப் பக்கத்தில் தண்டிலிருந்து கண் வரைக்கும் ஒரு நீண்ட பள்ளம் ஓடும். ஊசி துணியைத் துளைத்து இறங்கும்போது நூல் உராயாமல் படுத்துக்கொள்வதற்கான வழி அது. தட்டைப் பக்கத்தில் கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சிறு குழிவு இருக்கும். நகத்தை ஓட்டினால் தெரியும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில் அந்தக் குழிவின் பக்கம் நூல் தளர்ந்து ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்துக்குள் நுழைந்து, அதை அகட்டி, பாபின் உட்கார்ந்திருக்கும் உறையான பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு மேலே ஆடிக்கொண்டிருக்கும் நெம்புகோல் நூலைச் சுண்டி இழுக்க, மேல்நூலும் அடிநூலும் இரண்டு துணிகளுக்கும் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஊசி திரும்பி இருந்தால் வளையம் ஷட்டிலுக்கு எதிர்ப்பக்கம் புடைக்கும். ஷட்டில் வெறும் காற்றைப் பிடித்துவிட்டுப் போகும். நான் செய்திருந்தது அதைத்தான். என் இயந்திரத்தில் நூலை வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும், ஆகவே தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும். ஊசி இடமும் வலமும் நகர்ந்து தைக்கும் இப்போதைய வளைதையல் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நூல் முன்னிருந்து பின்னாகப் போகும், தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். நூல் நுழையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தட்டை என்று நினைவில் வைத்தால் எந்த இயந்திரத்திலும் தடுமாற்றம் வராது. கைத்தையல் ஊசியில் கண் பின்முனையில் இருக்க, இயந்திர ஊசியில் கண் கூர்முனைக்கு அருகே இருப்பதற்கும் காரணம் இந்த வளையமே. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இந்த இரண்டையும், அதாவது முனையில் கண் உள்ள ஊசியையும் இருநூல் பூட்டுத் தையலையும், சேர்த்தே கொண்டிருந்தது. இதைப் படித்த நாளன்று, இரண்டு நாள் திட்டிய இயந்திரத்திடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஊசி உறையின்மேல் 11/75, 14/90, 16/100 என்று அச்சிட்டிருக்கும் இரட்டை எண்களும் எனக்கு நெடுநாள் புதிராக இருந்தன. இரண்டாவது எண் ஊசியின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்கிறது. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய பருத்திக்கு 11, நடுத்தரத் துணிக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18 என்று வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். சுமார் எட்டு மணி நேரம் தைத்தபின் ஊசியை மாற்றிவிட வேண்டும் என்று சொல்வார்கள். நான் மணிக்கணக்கு வைத்துக்கொள்வதில்லை, ஆனால் துணியில் ஊசி இறங்கும்போது 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுகிறேன்.

அடுத்து வந்தது கூடு. துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடுபோலத் திரண்டு நிற்கும். துணியை எடுக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. அடியில் தெரிவதால் கோளாறு அடிநூலில்தான் என்று நம்பி, பாபின் கேஸில் உள்ள சின்னத் திருகை நான் திருகித் திருகிக் கெடுத்தேன். உண்மை நேர்மாறானது. அடியில் வளையமாகத் தெரியும் நூல் மேல்நூல். அதை மேலே பிடித்து வைக்க வேண்டிய டென்ஷன் தட்டுகள் பிடிக்காததால் அது கீழே வழிந்து வந்திருக்கிறது. அவை பிடிக்காததற்குக் காரணம், நான் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தது. பாதம் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும், நூல் அவற்றின் நடுவே புகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். பாதத்தைத் தூக்கினால்தான் தட்டுகள் விலகி நூலுக்கு இடம் விடும். ஆகவே கோர்க்கும்போது பாதம் மேலே, தைக்கும்போது பாதம் கீழே. தையலைத் தொடங்குகையில் இரண்டு நூல்முனைகளையும் பின்பக்கமாக இழுத்து, முதல் மூன்று நான்கு தையல் வரை விரலால் பிடித்துக்கொண்டால் கூடு கட்டுவதற்கு வாய்ப்பே இல்லை. எதிர்ச் சிக்கலாக, அடிநூல் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். மேலே ஒரு நிறமும் அடியில் வேறு நிறமும் நூலிட்டுத் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தால் எந்த நூல் எங்கே தவறுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பாபின் கேஸின் திருகைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தொடுவதற்கு முன் அது இருந்த நிலையைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். பாபினோடு கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் அது சிறிது இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம்.

தையல் கோணலாகப் போவதற்கான காரணம் என் கண்ணில் இருந்தது. ஊசியையே பார்த்துக்கொண்டு தைத்தேன். ஏறி இறங்கும் ஒன்றைக் கண் பின்தொடர்ந்தால் கை அறியாமலே துணியைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. ஊசியிலிருந்து அரை அங்குலம் அளந்து, இயந்திரத்தின் தளத்தில் வண்ண ஒட்டு நாடா ஒன்றை ஒட்டி, துணியின் விளிம்பு அந்த நாடாவை ஒட்டியே போகிறதா என்று மட்டும் பார்க்கத் தொடங்கிய அன்றே கோடு நேரானது. துணியை நகர்த்துவது பாதத்துக்கு அடியில் உள்ள பற்களின் வேலை. அவை எழும்பி, பின்னே தள்ளி, தாழ்ந்து, முன்னே திரும்பி வருகின்றன. நம் கை வழிகாட்டினால் போதும். பின்னாலிருந்து துணியைப் பிடித்து இழுத்தால் ஊசி வளைந்து, கீழே உள்ள தகட்டில் இடித்து முறியும். எனக்கு முறிந்த மூன்று ஊசிகளும் அப்படி முறிந்தவைதாம்.

நான் முழுமையாகத் தைத்த முதல் பொருள் பொத்தானோ ஜிப்போ இல்லாத, பின்புறம் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் திண்டு உறை. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நேர்க்கோடு, நான்கு மூலை, இரண்டு ஓர மடிப்பு. ஆயினும் அதிலும் கோட்டை விட்டேன். திண்டு 16 அங்குலச் சதுரம். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு முன்துணியை 17 அங்குலச் சதுரமாக வெட்டினேன், அதுவரை சரி. பின்பக்கத்துக்கு 17-இல் பாதி எட்டரை, எதற்கும் அரை அங்குலம் கூட இருக்கட்டும் என்று 9 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் ஓரம் மடித்துத் தைக்க ஒரு அங்குலம் போயிற்று. மிஞ்சியது எட்டும் எட்டும் பதினாறு. மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு மாறாக நடுவில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டுத் திண்டின் பஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றன. பதினொன்றரை அங்குலமாக வெட்டியிருந்தால் மடிப்பு போகப் பத்தரை வீதம் இருபத்தொன்று கிடைத்திருக்கும். 17 போக நான்கு அங்குலம் படிந்திருக்கும். வெட்டுவதற்கு முன் தாளில் ஒரு சிறு படம் வரைந்து, ஒவ்வொரு விளிம்புக்கும் எதிரே 'தையலுக்கு இவ்வளவு, மடிப்புக்கு இவ்வளவு' என்று எழுதிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் அந்த உறையிலிருந்து எனக்கு வந்தது. இன்றும் கைக்குட்டைக்குக்கூட அப்படி எழுதிக்கொள்கிறேன்.

மூலையில் திரும்புவதற்கு ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, பாதத்தை மட்டும் தூக்கி, துணியைச் சுழற்றி, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். தைத்து முடித்தபின் மூலையின் கூடுதல் துணியைத் தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி சாய்வாக வெட்டிவிட்டுத் திருப்பினால் மூலை கூராக வரும். வெட்டாமல் திருப்பினால் உள்ளே துணி திரண்டு மூலை நாய்க்காதுபோல் உருண்டு நிற்கும்.

துணியைப் பற்றி ஒன்றிரண்டு. தைப்பதற்கு முன் துவைத்துக் காயவைக்காத துணி பின்னால் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்குவது இயல்பு. 38 அங்குல நீளக் கால்சட்டையில் ஒன்றரை அங்குலம் காணாமற் போனால் அது கணுக்காலில் தெரியும். இரண்டாவது, நூலோட்டம். கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அதிகம் இழுபடாது. குறுக்கே போகும் ஊடை நூல் சிறிது கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் இழுத்தால் துணி ரப்பர்போல நீளும். துணியை மிச்சப்படுத்த எண்ணி ஒரு காலின் துண்டை மட்டும் சற்றுச் சாய்த்து வைத்து வெட்டினேன். முதல் முறை துவைத்து அணிந்தபோது அந்தக் காலின் பக்கத் தையல் மெல்ல மெல்ல முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னொரு கால் ஒழுங்காக இருந்ததால் குறை இரட்டிப்பாகத் தெரிந்தது.

இஸ்திரிப் பெட்டியைப் பற்றி நான் பிடிவாதக்காரன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இஸ்திரி மேசைக்கு இடமில்லையென்றால் இயந்திரத்தின் மேசையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு தையலைக் குறுக்கே இன்னொரு தையல் கடப்பதற்கு முன் முதல் தையல் இஸ்திரி போட்டு முடிந்திருக்க வேண்டும். முதலில் தைத்தபடியே ஒரு முறை அழுத்தி, பிறகு உள்ளே விட்ட துணியை இரு பக்கமும் பிரித்து மறுபடி அழுத்தினால் நூல் துணிக்குள் புதைந்து கோடு தட்டையாகப் படியும். தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு; பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், வழித்துக்கொண்டு போனால் சாய்வாக வெட்டிய விளிம்புகள் நீண்டுவிடும். வீட்டில் தைத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் உடைகளில் பாதி, தையலில் குறையுள்ளவை அல்ல, இஸ்திரி போடாமல் தைத்தவை.

திண்டு உறைக்கும் ஒரு துணிப்பைக்கும் பிறகு நான் துணிந்தது இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டைக்கு. நான்கு துண்டுகள், நான்கு நேர்த்தையல்கள், இரண்டு வளைவுகள். எளிது என்றே நினைத்தேன். தாளில் ஒரு காலை வரைந்து, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அதையே வைத்து வெட்டிவிட்டேன். நின்றபோது கால்சட்டை அழகாக இருந்தது. உட்கார்ந்தபோது பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழே இறங்கியது. எழுந்தபோது எங்கோ மடங்கிக்கொண்டது. உடம்பின் பின்புறம் முன்புறத்தைவிடப் புடைத்தது, உட்காரும்போது இன்னும் நீளம் கேட்பது. ஆகவே கவட்டு வளைவு பின்னால் நீளமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், பின் இடுப்பின் நடுப்பகுதி முன்னதைவிட உயர்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை பின் வளைவின் முனையை வெளியே நீட்டி, இடுப்பின் பின்நடுவை ஒன்றரை அங்குலம் உயர்த்தி வரைந்தேன், சிக்கல் தீர்ந்தது. அளவு எடுக்கும்போது நின்றுகொண்டு மட்டும் எடுக்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து இருக்கை வரையும் அளக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

தாள் மாதிரியை மடிக்காத துணியின்மேல் வைத்து இரண்டு முறை வெட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. முதல் துண்டை வெட்டியபின் தாளைப் புரட்டி வைத்து இரண்டாவதை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் இடப்பக்கத் துண்டுகளாகவே வரும். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் வெற்றுத் துணியில் ஒன்றைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். எனக்கு அது நடந்தது ஒரு பக்கம் மட்டும் பூ அச்சிட்ட துணியில். இப்போது தாள் மாதிரியின் ஒரு முகத்தில் 'இடம்' என்றும் மறுமுகத்தில் 'வலம்' என்றும் எழுதி வைக்கிறேன். வெட்டிய ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு சிறு பெருக்கல் குறி போடுகிறேன்.

எனக்கு வாய்த்த மிகச் சிறந்த ஆசிரியர் ஒரு கிழிந்த சட்டை. கழுத்துப் பட்டை நைந்துபோன பழைய சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன், ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டுத் தரையில் பரப்பினேன். ஒரு முழு விடுமுறை நாள் அதில் போயிற்று. கையின் மேல் வளைவு மலைபோலச் சீராக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். முன்பாதி உள்ளே குடைந்தும் பின்பாதி நிரம்பியும் இருந்தது, ஏனெனில் நம் கைகள் முன்னால்தான் அதிகம் நீளுகின்றன. கையின் வளைவை இஞ்ச் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி அளந்தபோது அது சேர வேண்டிய தோள்குழியைவிடச் சற்று நீளமாக இருந்தது. அந்தச் சின்ன மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் உள்ளடக்கித் தைத்திருந்தார்கள். தோள் உருண்டையாக நிற்பதற்கு அதுதான் காரணம். தோளுக்குக் கீழே முதுகுத் துணி இரட்டையாக இருந்ததும், கழுத்துப் பட்டைக்குள் விறைப்புத் துணி ஒட்டியிருந்ததும் வெளியிலிருந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரியவந்திருக்காது. பிரித்த துண்டுகளின்மேல் தாளை வைத்து வரைந்துகொண்டால் அதுவே ஒரு மாதிரி. அச்சிட்ட தாள் மாதிரிகளை வாங்கியும் தைக்கலாம். ஒரே உடையைப் பல அளவுகளில் தாள் மாதிரியாகத் தரும் முறையை எபனேசர் பட்டரிக் 1863-இல் தொடங்கியதிலிருந்து அந்த வழி இருந்துவருகிறது. ஆனால் தாள் மாதிரி எங்கே தைக்க வேண்டும் என்று சொல்லும். எந்த வரிசையில் தைத்தார்கள், எங்கே இரண்டாம் முறை தைத்துக் கெட்டிப்படுத்தினார்கள் என்பதைப் பிரித்த சட்டைதான் காட்டும்.

பழைய உடையை வைத்து வரைவதில் இன்னொரு வசதி, தளர்வு தானாகக் கணக்கில் வந்துவிடுகிறது. உடம்பை அளந்து வரைகிறவர்கள் தவறும் இடம் இது. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் 36 அங்குலச் சட்டை தைத்தால் மூச்சு விட முடியாது, கையை உயர்த்தவும் முடியாது. இழுபடாத நெய்த துணியில் மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை 'லூஸ்' விட வேண்டும். பின்னலாடைத் துணிக்கு இந்தக் கணக்கு வேறு. அதற்கு உருண்டை முனை ஊசியும் வளைதையலும் வேண்டும், நேர்த்தையல் மட்டுமே போடும் என் இயந்திரத்தில் தைத்தால் தையல் தாண்டும், இழுத்தவுடன் நூல் அறும். ஆகவே அந்தப் பக்கம் நான் போவதில்லை.

கழுத்து வளைவு இன்னொரு பள்ளிக்கூடம். நேராக வெட்டிய துணிப்பட்டையை வட்டக் கழுத்தில் வைத்துத் தைத்தேன். அது வளைய மறுத்து, கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நின்றது. சாய்வாக, 45 பாகையில் வெட்டிய கிராஸ் துணிதான் வளைவுக்கு ஒத்துப் போகும். ஒன்றேகால் அங்குல அகலத்தில் பட்டைகள் வெட்டி, அவற்றின் முனைகளைச் சாய்வாகவே இணைத்து, வளைவின்மேல் இழுக்காமல் படியவைத்துத் தைத்தபின், உள்ளே விட்ட துணியில் சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். கத்தரியின் நுனியை மட்டும் பயன்படுத்தி, தையலுக்கு ஒரு நூலிழை தூரத்தில் நிறுத்த வேண்டும். தையலையே வெட்டிவிட்டேன் ஒருமுறை. அந்தக் கழுத்து கால் அங்குலம் அகலமாகிவிட்டது, வேறு வழியில்லை.

இத்தனை தவறுகளும் பிரித்துத் தைத்தவை என்பதால் பிரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் ஒவ்வொரு தையலாக வெட்டிப் பிரித்தேன். துணியெங்கும் நூல்துகள், கூடவே இரண்டு ஓட்டைகள். சரியான வழி, ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், துணியைப் புரட்டி மறுபக்கத்து நூலின் முனையைப் பிடித்து இழுப்பது. நூல் முழுதாக ஒரே இழுப்பில் வந்துவிடும், மறுபக்கத்துத் துண்டுகளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் பிரிக்கும் கருவியைக் கையில் எடுப்பதில்லை என்பது என் சொந்த விதி. துணியில் விழுந்த ஓட்டைகள் எல்லாம் அந்த நேரத்தில் விழுந்தவை.

கருவிகளுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. துணிக்கென்று ஒரு நல்ல கத்தரி, அது தாளைத் தொடக் கூடாது, வீட்டில் உள்ளவர்கள் கையில் அகப்படவும் கூடாது. வெட்டும்போது அதன் கீழ்த்தகடு மேசையோடு ஒட்டியே நகர வேண்டும். துணியைத் தூக்கி வெட்டினால் இரண்டு அடுக்கும் இரண்டு அளவில் வரும். குண்டூசிகள், சாக்பீஸ், இஞ்ச் டேப், பிரிக்கும் கருவி, நல்ல பாலியெஸ்டர் நூல். பெட்டி பெட்டியாகப் பாட்டி காலத்து நூல்கண்டுகள் கிடைத்தால் ஆசைப்படாமல் ஒரு முழ நூலை இரு கையாலும் சுண்டிப் பாருங்கள். மெல்ல இழுத்ததுமே அறுந்தால் அது அழகுக்கு வைக்கத்தான் ஆகும். எண்ணெய், தையல் இயந்திரத்துக்கென்று விற்கும் நிறமற்ற மெல்லிய எண்ணெயாக மட்டும் இருக்கட்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். எண்ணெய் விட்டபின் பழந்துணியில் சிறிது நேரம் ஓட்டிவிட்டே நல்ல துணியை வைக்க வேண்டும். பற்களுக்கு அடியிலும் ஷட்டிலைச் சுற்றியும் படியும் பஞ்சுத் தூசியைத் துடைப்பது எண்ணெயைவிடவும் அவசியம்.

காஜாவை, அதாவது பொத்தான் நுழையும் துளையை, கடைசியாக வைத்ததற்குக் காரணம், ஒரு சட்டையிலும் அது கடைசி வேலை. அதுவரை பிழையில்லாமல் வந்த உடையைக் கெடுக்கும் வல்லமை அதற்கு உண்டு. என் இயந்திரத்தில் காஜா எடுக்க முடியாது என்பதால் கையாலேயே எடுக்கிறேன். பொத்தானின் விட்டத்தோடு அதன் தடிமனையும் கூட்டினால் காஜாவின் நீளம் கிடைக்கும். சட்டையின் முன்பட்டையில் மேலிருந்து கீழாகவும், கழுத்துப் பட்டையில் மட்டும் கிடையாகவும் குறிக்க வேண்டும். வெட்டும்போது கோட்டின் இரு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொரு குண்டூசி குத்திக்கொண்டால் கருவி எல்லை தாண்டாது. இரட்டை நூல் சிக்கும். ஒற்றை நூலில், விரல்நுனியிலிருந்து முழங்கை வரையிலான நீளத்துக்கு மேல் எடுக்காமல், மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டு, வெட்டிய விளிம்பில் முடிச்சுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்படி நெருக்கமாகத் தைக்க வேண்டும். முதல் காஜாவை எப்போதும் சட்டையின் அடிப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். கழுத்துக்கு அருகே வருவதற்குள் கை பழகியிருக்கும். என் முதல் சட்டையில் இதை அறியாமல் மேலிருந்து தொடங்கினேன். அந்தச் சட்டையில் மிக அழகாக அமைந்த காஜா, நான் அதை அணியும்போதெல்லாம், கால்சட்டைக்குள் போய்விடுகிறது.